ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லிலிருந்து மலையடிவாரம் வரை முணுமுணுக்காமல் வந்த பழைய அம்பாசிடர், பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறியதும் இழுவை குறைந்து, இரண்டு முறை குலுங்கி, ஓரமாக நின்றுவிடும். ஓட்டியவர் இறங்கி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பார். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பும். ஐந்தாறு வளைவு போனதும் மறுபடி அதே கதை. பிளக், பாயின்ட், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அலுத்த பிறகுதான் பலருடைய கையும், மொத்த வண்டியிலேயே மலிவான சாமான்களில் ஒன்றான பெட்ரோல் ஃபில்டர் பக்கம் போகிறது.

சமவெளியில் படுத்தாத ஃபில்டர் மலையில் மட்டும் ஏன் படுத்துகிறது? அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், நிற்கும் வண்டியில் சும்மா ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்து மலையேறும்போது அதே இன்ஜின் மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து லிட்டர் என்ற வேகத்தில் கேட்கும். நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளின் வழியே திரவம் போகும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, ஓட்டத்தின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். டிஜோன் நகரக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த ஹென்றி டார்சி 1856-இல் எழுதிவைத்த விதி இது. பாதி அடைத்த ஃபில்டர் ஒரு லிட்டருக்கு வழிவிடும். பதினைந்து லிட்டருக்கு விடாது. அடைப்பு எவ்வளவு என்பதைக் கண் மதிப்பில் சொல்வதும் ஏமாற்றும். ஒரு துளையின் விட்டம் பாதியானால் அதன் வழியே போகும் அளவு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் அறையில் சிறிதளவு பெட்ரோல் எப்போதும் இருப்பு இருக்கும். வரவு குறைந்து செலவு கூடினால் அந்த இருப்பு கரைந்து, ஜெட்டுக்குள் காற்று புகும். அந்தக் குலுங்கல் இதுதான். வண்டி நின்றதும் உறிஞ்சும் விசை தளர்கிறது. வலையோடு ஒட்டி அழுந்தியிருந்த தூசி கழன்று கீழே விழுகிறது. பைப்பில் உண்டான ஆவி குளிர்ந்து திரவமாகிறது. திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது ஃப்ளோட் அறை மெல்ல நிறைகிறது. கால் மணி நேர ஓய்வில் இவ்வளவும் நடந்துவிடுவதால், கோளாறு தானாகச் சரியானதாக நினைத்துக்கொள்கிறோம்.

சேலம், நாமக்கல் பகுதியில் இன்றும் அக்கறையோடு வைத்திருக்கும் பழைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவை: 1950-களின் இறுதியில் வரத் தொடங்கி 2014 மே மாதம் வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர், ஃபியட் 1100 வழியில் வந்த பிரீமியர் பத்மினி, சென்னைக்குப் பக்கத்திலேயே 1961 முதல் பத்தாண்டு காலம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றில் பெட்ரோல் டேங்க் பின்னால், இன்ஜின் முன்னால். இன்ஜின் பக்கவாட்டில் பொருத்திய டயஃப்ரம் பம்ப்தான் அவ்வளவு தூரத்திலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஏசி பம்ப் என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏசி அதைச் செய்த கம்பெனியின் பெயர்.

ஹெரால்டு போன்ற வண்டிகளின் பம்ப்பில் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அதைப் பழைய காலத்து அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அது அழகான இயற்பியல் கருவி. 6 மில்லிமீட்டர் குழாயில் வரும் பெட்ரோல் 4 சென்டிமீட்டர் அகலக் கிண்ணத்துக்குள் நுழைந்ததும் அதன் வேகம் நாற்பத்து நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. மலையேறும்போதுகூடக் கிண்ணத்துக்குள் பெட்ரோல் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகரும். சமவெளியில் நிதானமாகப் போனால் அதில் பாதிகூட இருக்காது. பெட்ரோலின் அடர்த்தி சுமார் 0.74, தண்ணீரின் அடர்த்தி 1. பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள தண்ணீர்த் துளி பெட்ரோலுக்குள் விநாடிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேகத்தில் மூழ்கும். ஆக, சமவெளியில் மேலே போகும் பெட்ரோலைவிடக் கீழே விழும் துளி வேகமானது; துளி கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். துளியின் பருமன் பத்தில் ஒன்றானால் மூழ்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும் என்பது ஸ்டோக்ஸ் விதி. அதனால் பொடிப்பொடியான துளியும் துருவும் கிண்ணத்தை ஏமாற்றிவிட்டுப் போகும். அவற்றைப் பிடிக்கத்தான் தாள் ஃபில்டர்.

தாள் என்றாலும் இது எழுதும் தாளல்ல. பிசின் ஏற்றி, விசிறிபோல மடித்து, சின்னக் கூட்டுக்குள் நிறையப் பரப்பை அடக்கிய மரநார்த் தாள். சாதாரணமாகப் பத்து முதல் நாற்பது மைக்ரான் வரையான துகள்களை இது நிறுத்தும். தலைமுடியின் பருமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கார்ப்பரேட்டரின் மெயின் ஜெட் துளையே ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. அப்புறம் எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். ஜெட் அடைபடுவது அரிது. ஆனால் ஃப்ளோட் அறையின் ஊசி வால்வு ஒரேயொரு துருத் துகள் சிக்கினாலும் சரியாக மூடாது. பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின்மேல் கொட்டும். ஃபில்டரின் முதல் வேலை தீயைத் தடுப்பது, மைலேஜெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு வினோதம்: அழுக்கேறிய ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும். காபி ஃபில்டரில் தூளை அழுத்தி வைத்தால் டிகாக்‌ஷன் தெளிவாக, ஆனால் சொட்டுச் சொட்டாக இறங்குவது போலத்தான். படிந்த அழுக்கே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. கார்ப்பரேட்டர் சுத்தமாக இருக்கிறதே, ஃபில்டரை ஏன் மாற்றவேண்டும் என்ற வாதம் இதனால்தான் நிற்காது.

உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டரைப் போட்டவர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். "பாதிதானுங்க நிரம்பியிருக்கு, மேல காத்து நிக்குது" என்பார்கள். பயப்பட வேண்டாம். பெட்ரோலில் நனைந்த தாளின் நுண்துளைகளைப் பரப்பு இழுவிசை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிறிய அழுத்தத்தில் காற்று அதைத் தாண்ட முடியாது. பெட்ரோல் கீழ்ப்பாதி வழியே தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். குமிழ் ஒரே இடத்தில் நின்றால் கவலையில்லை. பம்ப்புக்கு முன்னால் உள்ள ஃபில்டரில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால்தான் ஹோஸில் எங்கோ வெடிப்பு, அல்லது பெட்ரோல் கொதிக்கிறது.

கொதிக்கிறது என்று மிகைப்படுத்தவில்லை. பெட்ரோல் ஒற்றைப் பொருளல்ல, பலவற்றின் கலவை. அதன் எளிதில் ஆவியாகும் பகுதி, சாதாரணக் காற்றழுத்தத்தில் 35 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கிறது. பானெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். இந்த நிலையில் பம்ப்புக்கு முன்னால், அதாவது உறிஞ்சும் பக்கத்தில், நெருக்கமான தாள் ஃபில்டரைப் போட்டால் என்ன ஆகும்? ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பம்ப் பெட்ரோலுக்குப் பதில் ஆவியை மென்றுகொண்டிருக்கும். பழைய டிரைவர்கள் பம்ப்மேல் ஈரத்துணி சுற்றியதன் காரணம் இதுதான். நல்ல வைத்தியம், ஆனால் நோய் பல சமயம் ஃபில்டர் வைத்த இடத்தில் இருந்தது. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே கண் அகன்ற வலை, பம்ப்புக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவே தாள் என்பதுதான் என் கட்சி. தள்ளும் பக்கத்தில் பம்ப் தருகிற அழுத்தம் தாளைத் தாண்டப் போதுமானது; அங்கே ஆவித் தொல்லையும் குறைவு.

இதுவரை சொன்னதெல்லாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் பொருந்தும். இப்போது மாறியிருப்பது பெட்ரோல்.

2003-இல் 9 மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியபோது தமிழ்நாடும் பட்டியலில் இருந்தது. பல ஆண்டுகள் அது தட்டுத் தடுமாறியது. 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் இ20 அறிமுகமாகி, 2025-இல் பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பதே 20 சதவீதக் கலப்பு என்றாகிவிட்டது. இந்த மாற்றத்துக்கும் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் நேரடி உறவு உண்டு. மோகனூரில் உள்ள சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை, கரும்புப் பாகிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையும் கொண்டது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி, 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் எத்தனாலுக்கான மூலப்பொருள்களில் ஒன்றாக இருக்கிறது. மக்காச்சோளமும் அந்த வரிசையில் சேர்ந்ததால், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் இப்போது தீவனத்துக்காக எரிசாராய ஆலைகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. கோழி சாப்பிட வேண்டியதைக் கார் குடிக்கிறது என்று அவர்கள் குறைப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். நாம் டேங்குக்குள் திரும்புவோம்.

எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கின் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினை அது தளர்த்திவிடும். அந்தப் பிசினோடு ஒட்டிக்கொண்டிருந்த துருவும் கிளம்பும். அதனால் பல காலம் தொல்லை தராத வண்டி, எத்தனால் கலந்த பெட்ரோல் போட்ட முதல் சில டேங்குகளிலேயே ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். முன்பு டேங்க் ஓட்டையை அடைக்க உள்ளே பூசிய சில பழைய பூச்சுகளையும் அது தோல் தோலாக உரித்துவிடும்.

இன்னொன்று மின்கடத்தல். தனிப் பெட்ரோல் மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தாது. எத்தனாலும் அதில் கரைந்த ஈரமும் சேர்ந்தால் கொஞ்சம் கடத்தும். கார்ப்பரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை, ஜெட் பித்தளை. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே கடத்தும் திரவம். பேட்டரியின் பாடம் அங்கே சத்தமில்லாமல் நடந்து, துத்தநாகம் சாம்பல் பசையாகக் கரைகிறது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளலாம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கை நிரப்பிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், தன் அளவில் அரை சதவீதம் தண்ணீரைப் பிரியாமல் கரைத்து வைத்திருக்கும். 20 சதவீதக் கலப்பு இன்னும் அதிகம் தாங்கும். 40 லிட்டருக்கு அரை சதவீதம் என்றால் 200 மில்லி லிட்டர். 30 டிகிரியில் முழுக்க ஈரமான காற்று ஒரு கன மீட்டரில் 30 கிராம் நீராவி வைத்திருக்கும். 40 லிட்டர் இடத்துக்கு அது வெறும் 1.2 கிராம். டேங்க் கொள்ளுமளவு காற்று தினமும் புதிதாகப் புகுந்து, தன் ஈரம் முழுவதையும் கொட்டிவிட்டுப் போனால்கூட 200 மில்லி சேர ஐந்து மாதத்துக்கு மேலாகும். நிஜத்தில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் டேங்க் சுவாசிப்பது சில லிட்டர் காற்றுதான். ஆக, உங்கள் டேங்கில் தண்ணீர் தேங்கினால் காற்றைத் திட்டாதீர்கள். மூடியின் ரப்பர் போயிருக்கும், ஐப்பசி மழை உள்ளே இறங்கியிருக்கும், அல்லது வாட்டர் சர்வீஸ்காரர் குழாயைத் தவறான பக்கம் பிடித்திருப்பார்.

அப்படி நேரடியாகத் தண்ணீர் புகுந்து அளவு மீறினால் கதை வேறு. பழைய பெட்ரோலில் தண்ணீர் தனியாக அடியில் நிற்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் முத்துமுத்தாகத் தெரியும். எத்தனால் பெட்ரோலில் எல்லை வரை ஒன்றும் தெரியாது. எல்லை தாண்டியதும் தண்ணீர் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு அடியில் தனி அடுக்காக இறங்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான். அந்த அடுக்கை எந்தத் தாள் ஃபில்டரும் முழுக்க நிறுத்தாது. நாமக்கல் லாரிக்காரர்கள் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுக் கிளம்புவதைப் பார்த்திருப்போம். டீசலில் தண்ணீர் பிரிந்து நிற்பதால் அந்த வழி நடக்கிறது. எத்தனால் பெட்ரோலுக்கு அப்படிச் சுலபமான வழி கிடையாது; டேங்கை முழுக்கக் காலிசெய்ய வேண்டியதுதான்.

ஃபில்டர்மேல் வீண்பழி விழும் ஒரு இடமும் இருக்கிறது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஆக்சிஜன். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு இது 13.5 அளவில் வரும். பெட்ரோலுக்கென்று துளையிட்ட பழைய ஜெட், இ20-ஐ விடும்போது கலவை மெலிந்துபோகும். இன்ஜின் சூடாகும், கார்ப்பரேட்டர் வழியே எதிர்த்துத் தும்மும், இழுவை குறையும். அறிகுறி ஃபில்டர் அடைப்பு போலவே இருக்கும். பிரித்தறிய ஒரு வழி: அடைப்பு என்றால் வண்டி மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, தொடர்ந்து அழுத்தும்போது மட்டும் படுத்தும். கலவை மெலிந்திருந்தால் எல்லா வேகத்திலும் சுரத்தில்லாமல் இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால், இன்ஜின் ஆறியிருக்கும்போது, காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்கலாம். மணிக்கு 15 லிட்டர் என்பது நிமிடத்துக்கு 250 மில்லி. ஸ்டார்ட்டர் மட்டும் மெதுவாகச் சுற்றும்போதே அரை நிமிடத்தில் நூறு, நூற்றைம்பது மில்லி துடிப்போடு வந்தால் ஃபில்டர் நிரபராதி. பீடி, சிகரெட் பிடிப்பவர் அந்தப் பக்கமே வரக்கூடாது.

2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றிருந்தது. தினமும் ஓடும் வண்டிக்கு அது சரியான அளவுகோலாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் ஹெரால்டுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 20,000 என்பது இருபது ஆண்டு. ஓடாமல் நிற்கும் நாள்களிலும் ஹோஸ் எத்தனாலில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்ரோல் காற்றோடு சேர்ந்து பிசினாகிக்கொண்டுதான் இருக்கிறது, வெயிலில் இன்னும் வேகமாக. பழைய காருக்கு மீட்டரை விடக் காலண்டர்தான் கணக்கு.

சரி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றுவது? ஒரு எண்ணைச் சொல்வது சுலபம். ஆனால் கழற்றியதைப் பார்க்காமல் குப்பையில் எறிவதுதான் உண்மையான தவறு என்று நினைக்கிறேன். ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் உள்ளே வந்த வாயைக் கீழாகப் பிடித்து, வெள்ளை வேட்டித் துண்டில் கவிழ்த்துத் தட்டுங்கள். பெட்ரோல் முழுக்கக் காய்ந்த பிறகு கூட்டை வெட்டித் தாளையும் விரித்துப் பாருங்கள்.

செம்பழுப்புத் தூள் என்றால் டேங்க் துரு. அதிலும் பெரும்பகுதி, எப்போதும் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் அடிப்பக்கத்தைவிட, ஈரக்காற்று தொடும் மேல்பாதியிலிருந்து வந்திருக்கும்; கால் டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கத்தின் பலன். கறுப்புத் தூளாக இருந்தால் ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் அதுவும் இரும்பின் ஆக்சைடுதான். ஒட்டாமல், விரலில் தேய்த்தால் மை போல இழுபட்டால் உங்கள் ஹோஸ் உள்ளிருந்து கரைகிறது. அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றினால் காசுதான் வீண். சாம்பல் அல்லது வெள்ளைப் பசை என்றால் கார்ப்பரேட்டர், பம்ப் போன்ற துத்தநாக, அலுமினிய உடல்கள் அரிபடுகின்றன. ஆனால் கார்ப்பரேட்டர் ஃபில்டருக்குப் பிந்திய பாகம் என்பதால் அந்தப் பசையை ஃப்ளோட் அறையைத் திறந்தும் தேட வேண்டும். வார்னிஷ் நெடியோடு பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டினால் பெட்ரோல் பழசாகிவிட்டது.

துருவே காரணம் என்று தெரிந்தபின் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. டேங்கை இறக்கிக் கழுவுவது சிரமமான வேலைதான், மறுக்கவில்லை. துரு ஓட்டை போட்டிருந்தால், காலி டேங்கில் பற்றவைப்பு வேலை செய்யப்போகிறவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் நிற்கும் காலி டேங்க் ஆபத்தானது. தண்ணீர் விட்டு, ஆவியை முழுக்க வெளியேற்றாமல் நெருப்பு பக்கத்தில் வரக்கூடாது. கழுவிய பிறகு போடும் முதல் ஃபில்டரைத் தற்காலிகமாக நினைத்து, இரண்டாவது டேங்க் தீர்ந்ததும் வெட்டிப் பாருங்கள்.

ஹோஸ் வாங்கும்போது கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித்தரும் பெயரில்லாத கறுப்பு டியூபைத் தவிருங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். ஃபில்டரின் அம்புக்குறி கார்ப்பரேட்டர் பக்கம் பார்க்கவேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர்மேலே பிளாஸ்டிக் ஃபில்டரைத் தொங்கவிடக் கூடாது. ஒவ்வொரு ஃபில்டரும் இரண்டு புது இணைப்புகள், அதாவது கசிய இரண்டு புது இடங்கள். கிளிப்புகளை முடுக்கி, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு இணைப்புகளையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரமோ வாசனையோ இருந்தால் அன்றைக்கு அந்த வண்டி பட்டறையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.